ரசீது குடுத்தாங்களா? கப்பல்ல ஒரு பாட்டில், பாலக்கோட்டுல நாலு பெட்டி

(எபிசோடோட எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம், பேச்சு பெரும்பாலும் பேசினபடியே இருக்கு.)

போன வாரம் எபிசோட் வரல. கேட்டவங்களுக்கு: நான் கப்பல்ல இருந்தேன். சும்மா சொல்லல, நிஜமாவே கப்பல். காலேஜ் பசங்க ஆறு பேர், சிங்கப்பூர்ல ஏறி மூணு ராத்திரி கடல்ல சுத்திட்டு அங்கேயே திரும்பி வந்து இறங்குற டிரிப். கம்பெனி பேர் வேணாம், அவங்க மேல எனக்கு ஒரு புகாரும் இல்ல. தப்பு பண்ணது நாங்கதான்.

என்ன தப்புன்னா, சொந்தமா சரக்கு கொண்டு போனோம்.

டிக்கெட் போட்ட அன்னைக்கே ஒருத்தன் குரூப்ல கப்பல் பாரோட விலைப்பட்டியலைப் போட்டுட்டான். ஒரு பெக் 14, 15 சிங்கப்பூர் டாலர். அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ். நம்ம காசுல ஆயிரத்தைத் தொடுது. ஆறு பேர், மூணு ராத்திரி. ஒருத்தன் எக்செல் ஷீட்டே போட்டான். அதைப் பாத்ததும் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தோம்.

இதுக்குன்னு உலகத்துல ஒரு பெரிய கலையே இருக்கு. மவுத்வாஷ் பாட்டிலைக் காலி பண்ணி, வோட்கா ஊத்தி, பச்சைக் கலர் ஒரு சொட்டு விடுறது. சன்ஸ்க்ரீன் டியூப் மாதிரியே இருக்கிற போலி டியூப். 'ரம் ரன்னர்' ன்னு ஒரு பிளாஸ்டிக் பை, மடிச்சு துணிக்கு நடுவுல வைக்கிற மாதிரி. இதுக்காகவே தயாரிச்சு விக்கிறாங்க. மறைக்கிற பக்கம் வளர வளர, பிடிக்கிற பக்கமும் வளந்திருக்கு. 2015ல கார்னிவல் கம்பெனி, பாட்டில்ல தண்ணியே கொண்டு வரக்கூடாதுன்னு விதி போட்டாங்க. கூல் டிரிங்க்ஸ், தண்ணி எல்லாம் கேன்ல மட்டும். ஏன்னா தண்ணி பாட்டில்ல வந்ததெல்லாம் தண்ணி இல்ல. எக்ஸ்ரேல பாட்டில் தெரியும், உள்ள திரவம் இருக்குன்னு தெரியும். அது தண்ணியா வோட்காவான்னு தெரியாது. அதனால பாட்டிலையே தூக்கிட்டாங்க. பக் எங்க இருக்குன்னு தெரியலன்னா ஃபீச்சரையே எடுத்துடுற நம்ம ஆபீஸ் வேலை மாதிரிதான்.

எங்க கதைக்கு வரேன். நாங்க ரெண்டு விதமா கொண்டு போனோம். ஒருத்தன் மவுத்வாஷ் டெக்னிக். நான் எதையும் மறைக்கல. பெங்களூர் ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீல வாங்கின ஒரு லிட்டர் விஸ்கி, சீல் பிரிக்காம, பெட்டிக்குள்ள ஜீன்ஸ்ல சுத்தி வச்சிருந்தேன். அவ்ளோதான்.

ரெண்டுமே மாட்டிச்சு. மவுத்வாஷை அந்த செக்யூரிட்டி அக்கா திறந்தாங்க, மோந்து பாத்தாங்க, எங்களைப் பாத்து சிரிச்சாங்க, தனியா ஒரு கூடையில போட்டாங்க. அந்தக் கூடையில ஏற்கனவே ஏழெட்டு மவுத்வாஷ் கிடந்துச்சு மக்களே. உலகம் பூரா ஒரே மூளை. என் விஸ்கிக்கு மரியாதை வேற மாதிரி. பாட்டில் கழுத்துல ஒரு அட்டையைக் கட்டினாங்க. அதுல என் பேர், கேபின் நம்பர். அட்டையோட பாதியைக் கிழிச்சு என் கையில குடுத்து, 'கடைசி நாள் காலையில வந்து வாங்கிக்கோங்க சார், நல்லா என்ஜாய் பண்ணுங்க'ன்னாங்க.

சார்னு வேற சொன்னாங்க.

கடைசி நாள் போனேன். மேஜை மேல வரிசையா பாட்டில்கள். என்னோடதை எடுத்துக் குடுத்தாங்க. சொட்டு குறையல. அபராதம் இல்ல, திட்டு இல்ல, ஒரு கையெழுத்து மட்டும்.

இது எங்களுக்குப் பெரிய காமெடி. பசங்க எல்லாரும் வீடியோ எடுத்தோம், ஸ்டேட்டஸ் போட்டோம். நான் என் மாமாவுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினேன். மாமான்னா அம்மாவோட தம்பி. எனக்கு சைக்கிள், பைக், கார், மூணுமே ஓட்டக் கத்துக்குடுத்தவர். சிரிச்சு சிரிச்சு முழுக் கதையையும் சொல்லி அனுப்பினேன். ரெண்டு நீல டிக் வந்துச்சு. பதில் வரல. ராத்திரி ஒரு வரி மட்டும் டைப் பண்ணியிருந்தார்.

'ரசீது குடுத்தாங்களா மாப்ள?'

அதைப் படிச்சதும்தான் யாருக்கு அனுப்பினேன்னு எனக்கு உறைச்சுது.

ஏன்னு சொல்லணும்னா 2021 மே மாசத்துக்குப் போகணும். மாமாகிட்ட கேட்டுட்டுத்தான் பேசுறேன். 'பேரும் ஊரும் சொல்லாத, மத்ததெல்லாம் சொல்லு, ஊருக்கே தெரிஞ்சதுதானே' ன்னார்.

மாமா பாலக்கோடு பக்கம். தர்மபுரி மாவட்டம் தெரியாதவங்களுக்கு: பாலக்கோடுன்னா தக்காளி. அங்க இருந்து லோடு லோடா தக்காளி வெளியூர் போகும். மாமா ஒரு குட்டியானை வச்சிருந்தார், லோன்ல வாங்கினது. ராத்திரி ஏத்திட்டு ராயக்கோட்டை, ஓசூர் வழியா பெங்களூர் கலாசிபாளையம் மார்க்கெட். விடியக்காலையில இறக்கிட்டு, காலிப் பெட்டிகளோட திரும்புவார். இதுதான் பொழப்பு.

அந்த மே மாசம் ரெண்டாவது அலை. மே 10ல இருந்து இங்க முழு ஊரடங்கு, டாஸ்மாக் மூடியாச்சு. கர்நாடகாவுலயும் ஊரடங்குதான். ஆனா அங்க காலையில 6 மணியில இருந்து 10 மணி வரைக்கும் மதுக்கடையில பார்சல் வாங்கலாம். மாமா மார்க்கெட்ல லோடு இறக்கி முடிக்கிற நேரம் சரியா அதுதான். காய்கறி வண்டிக்கு எல்லையில அனுமதி உண்டு. திரும்பி வரும்போது வண்டி காலி.

இந்த மூணையும் ஒரு காகிதத்துல எழுதினா, அடுத்த வரி தானா வந்துடும். நான் மாமாவுக்கு வக்காலத்து வாங்கல. தக்காளி விலை விழுந்து லோடு குறைஞ்சிருச்சு, மூணு மாச தவணை நிலுவை. அதுக்காக பண்ணது தப்பில்லன்னு ஆயிடாது. ஆனா அந்த நிலைமையில இருந்த ஆள் கண்ணுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு நீங்க பாக்கணும்.

கர்நாடகாவுல 90 மில்லி விஸ்கி டெட்ரா பாக்கெட்ல கிடைக்கும். பாக்க மாம்பழ ஜூஸ் பாக்கெட் மாதிரி இருக்கும். அப்போ விலை சுமார் 35 ரூபாய். நம்ம டாஸ்மாக்ல 90 மில்லியே கிடையாது. குறைஞ்சது குவார்ட்டர், 180 மில்லி, அது 120 ரூபாய்க்கு மேல. 2023ல நம்ம மதுவிலக்குத் துறை அமைச்சர் முத்துசாமி 90 மில்லி டெட்ரா பாக்கெட் கொண்டு வர்றதைப் பத்திப் பேசினப்போ பெரிய சர்ச்சை ஆச்சே, ஞாபகம் இருக்கா? கூலி வேலைக்குப் போறவங்க ஒரு குவார்ட்டர் வாங்க இன்னொரு ஆளுக்காகக் காத்திருக்காங்கன்னு அப்போ ஒரு பேச்சு வந்துச்சு. அதைக் கேட்டு சென்னையில எல்லாரும் மீம் போட்டாங்க. எங்க ஊர்ல யாரும் சிரிக்கல. காத்திருக்கிற ஆளுங்களை எங்களுக்குத் தெரியும்.

மாமா நாலு பெட்டி வாங்கினார். பெட்டிக்கு 96 பாக்கெட், மொத்தம் 384. முதல் சுமார் 13,400 ரூபாய். ஊர்ல கடை மூடியிருந்த நேரத்துல ஒரு பாக்கெட்டை 150க்குக் கேட்டு வாங்க ஆள் இருந்தாங்கன்னு மாமா சொல்றார். அப்படின்னா 57,600. ஒரே ட்ரிப்ல தவணை பாக்கி முழுக்கத் தீரும். இதுதான் முதல் தடவைன்னு மாமா சொல்றார். நான் நம்புறேன், நீங்க நம்பணும்னு இல்ல.

பாலக்கோட்டுக்கு முன்னாடி ஒரு வாகன சோதனை. காலி தக்காளிப் பெட்டி அடுக்குக்குக் கீழ இருந்துச்சு. எடுத்தாங்க, எண்ணினாங்க, தார் ரோட்டுல அடுக்கி வச்சு, மாமாவைப் பின்னாடி நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க. அடுத்த நாள் அந்தப் போட்டோ எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வந்துச்சு. யாரோ ஃபார்வர்ட் பண்ணியிருந்தாங்க, அது எங்க மாமான்னு தெரியாமலேயே. அத்தை அதைப் பாத்தாங்க.

பதினோரு நாள் உள்ள இருந்தார். அதை விடுங்க. வண்டிதான் விஷயம். மதுவிலக்குச் சட்டத்துல பிடிபட்ட வாகனத்தைப் பறிமுதல் பண்ணி ஏலம் விடலாம். எங்க ஊர்ப் பக்கம் பேப்பர் படிக்கிறவங்களுக்குத் தெரியும், 'மதுவிலக்கு வழக்குகளில் கைப்பற்றப்பட்ட வாகனங்கள் பொது ஏலம்'னு அப்பப்போ அறிவிப்பு வரும். மாமா வண்டி மழையிலயும் வெயிலயும் நின்னு, டயர் தரையோட ஒட்டி, சக்கரத்துக்குள்ள புல் முளைச்சு, கடைசியில ஏலத்துல போச்சு. லோன் போகல. அதுக்கு அப்புறமும் தவணை கட்டினார். இப்போ அடுத்தவங்க வண்டிக்கு டிரைவர்.

ரசீது குடுத்தாங்களான்னு அவர் கேட்டது நக்கலா, நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்டாரான்னு அன்னைக்கு ராத்திரி எனக்குப் புரியல. தூக்கம் வரல, உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல கப்பல். கப்பல்காரங்க ஏன் பாட்டிலை விடுறதில்ல? பாதுகாப்புன்னு சொல்வாங்க. கடல் நடுவுல குடிச்சுட்டு ஒருத்தன் கைப்பிடி மேல ஏறினா என்ன ஆகும்னு யோசிச்சா, அதுல உண்மையும் இருக்கு. ஆனா பெரிய கப்பல் கம்பெனிகளோட வருமானத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு, டிக்கெட்டுக்கு மேல கப்பலுக்குள்ள நாம செலவு பண்றதுல இருந்து வருது. பார், கேசினோ, கடை இப்படி. டிக்கெட்டை மலிவா குடுத்து உள்ள இழுத்து, கதவைச் சாத்தினதும் விலை அவங்க சொல்றதுதான். தியேட்டர்ல பாப்கார்ன் கதைதான். கப்பல் கடையிலேயே பாட்டில் வாங்கினாக்கூட கையில குடுக்காம, கடைசி நாள்தான் குடுப்பாங்க. பாதுகாப்புக்காக மட்டும்னா பாரையே மூடியிருக்கணுமே?

பரிசலோட ஒப்பிட்டா இது இன்னும் தெளிவாத் தெரியும். தர்மபுரிக்காரனுக்குக் கப்பல்னா ஒகேனக்கல் பரிசல்தானே. செகண்ட் இயர்ல நாங்க பெப்சி பாட்டில்ல ரம் கலந்து எடுத்துட்டுப் போனோம். பரிசல் ஓட்டுற அண்ணன் ஒருத்தர், எங்க அப்பா வயசு இருக்கும், எங்களை வரிசையா ஒரு பார்வை பாத்தார். 'தம்பி, அந்தக் கலர் பாட்டில் கரையில இருக்கட்டும். இல்லன்னா நான் துடுப்பை எடுக்கல'ன்னார். எக்ஸ்ரே எல்லாம் இல்ல. அவர் சொன்ன காரணம்: பரிசல் வட்டம், அடி தட்டை. மூங்கில் பின்னலுக்கு மேல ஒரு தாள் மட்டும்தான். ஒரு ஆள் போதையில எந்திரிச்சு நின்னா மொத்தமா கவுந்துரும், கீழ பாறைக்கு நடுவுல சுழல். 'பொணத்தைத் தேடுறதும் நாங்கதான் தம்பி'ன்னார். அவருக்கு அங்க பார் கிடையாது, ஒரு ரூபா லாபம் கிடையாது. நாங்க பாட்டிலைக் கரையிலேயே வச்சுட்டுப் போனோம். திரும்பி வந்தப்போ பாட்டில் இல்ல. அது வேற கதை.

எல்லை விஷயம் இந்த ரெண்டுல எந்த வகை? நான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன், வரலாறு என் ஏரியா இல்ல. ஆனா இது எங்க ஊர் வரலாறு. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி, சென்னை மாகாணத்துல முதல் முதலா மதுவிலக்கைக் கொண்டு வந்தது சேலம் மாவட்டத்துல. அவரே ஓசூர் பக்கத்துல தொரப்பள்ளிக்காரர். அன்னைக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாமே சேலம் மாவட்டம். தர்மபுரி தனி மாவட்டமானது 1965லதான். எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம், அங்க மதுவிலக்கு இல்ல. ஆக, 'இந்தப் பக்கம் கிடையாது, அந்தப் பக்கம் கிடைக்கும்'ங்கிற கோடு எங்க ஊருக்கு மாமா காலத்துல வந்தது இல்ல, தாத்தா காலத்துலயே வந்தது.

மதுவிலக்கால போன வருமானத்தை எப்படி ஈடு கட்டினாங்க தெரியுமா? 1939ல பொது விற்பனை வரி. இந்தியாவுலயே அப்படி ஒரு வரி அதுதான் முதல். நாம இன்னைக்கு ஓட்டல் பில்லுல பாக்குற ஜிஎஸ்டிக்கு அது தாத்தா முறை. அப்புறம் 1971ல மதுவிலக்கு தளர்ந்துச்சு, 1974ல திரும்ப வந்துச்சு, 1981ல திரும்பப் போச்சு. 1983ல டாஸ்மாக் பிறந்துச்சு, 2003ல சில்லறைக் கடையும் அரசாங்கத்தோட கைக்கே வந்துருச்சு. 2023-24ல அதுல இருந்து அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய்.

அதாவது, மாநிலமே ஒரு கப்பல்னு வச்சுக்கோங்க. உள்ள ஒரே ஒரு பார். 1937ல அந்தக் கோட்டை வரைஞ்சது யாரும் குடிக்கக் கூடாதுன்னு. இன்னைக்கு அதே கோடு, எங்க வாங்கிக் குடிக்கணும்னு சொல்லுது. பரிசல்காரர் மாதிரி ஆரம்பிச்சு கப்பல்காரர் மாதிரி ஆயிருச்சு.

உடனே ஒருத்தர் கேப்பீங்க, கள்ளச்சாராயம்? நியாயமான கேள்வி. 2008 மே மாசம் இதே எல்லையோரம், கர்நாடகாவுலயும் கிருஷ்ணகிரி பக்கமும் விஷச்சாராயம் குடிச்சு 150 பேருக்கு மேல செத்தாங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால், 60 பேருக்கு மேல. அதைத் தடுக்க எத்தனை செக்போஸ்ட் போட்டாலும் நான் கை தட்டுவேன். ஆனா மாமா வண்டியில இருந்தது சீல் பிரிக்காத, இன்னொரு மாநில அரசாங்கத்துக்கு வரி கட்டின பாக்கெட். ரெண்டையும் ஒரே தார் ரோட்டுல அடுக்கிப் போட்டோ எடுத்தா, பாக்குறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அத்தை அக்கம்பக்கத்துல அதை விளக்கி விளக்கியே ஓஞ்சு போனாங்க.

சரி, ஒரு வித்தியாசம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. நாங்க குடிக்கக் கொண்டு போனோம், மாமா விக்கக் கொண்டு வந்தார். சட்டத்துக்கு அது பெரிய வித்தியாசம், இருக்கவும் வேணும். எனக்கு உறுத்துறது அது இல்ல. இதுக்கு அப்புறம் நடந்ததுதான்.

டிரிப் முடிஞ்சு பெங்களூர் வந்தேன். அதே விஸ்கி பாட்டில், கழுத்துல அட்டை அப்படியே. ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல பிரச்சினை இல்ல, ஆளுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் அனுமதி. சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பினேன். பாட்டிலை மாமாவுக்குக் குடுக்கலாம்னு கார் பின் சீட்ல போட்டேன். பெட்டியில வைக்கல, ஜீன்ஸ்ல சுத்தல. அத்திப்பள்ளி தாண்டி, ஓசூர் தாண்டி, கிருஷ்ணகிரி தாண்டி தர்மபுரி. வழியில ஒரு இடத்துல பேரிகேட் போட்டு வண்டிகளை நிறுத்திட்டு இருந்தாங்க. எனக்கு முன்னாடி ஒரு குட்டியானை. ஓரம் கட்டச் சொல்லி, தார்ப்பாயை அவுக்கச் சொன்னாங்க. எனக்குக் கையைக் காட்டி, போங்க போங்கன்னாங்க. கார்ல கம்பெனி ஐடி கார்டு தொங்குது, ஏசி ஓடுது, பின் சீட்ல ஒரு லிட்டர் விஸ்கி வெளிய தெரிய கிடக்குது.

அது சட்டப்படி சரியா தப்பான்னுகூட கிளம்பும்போது நான் யோசிக்கல. யோசிக்க வேண்டிய அவசியம் எனக்கு இதுவரைக்கும் வந்ததே இல்ல. கண்ணாடியில அந்தக் குட்டியானை டிரைவர் கயிறு அவுக்கிறது கொஞ்ச தூரம் தெரிஞ்சுட்டே இருந்துச்சு.

சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போய் பாட்டிலைக் குடுத்தேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். 'என்ன எழுதியிருக்கு?'

'என் பேரும் ரூம் நம்பரும் மாமா.'

'எடுத்து வச்சுட்டு, அப்படியே திருப்பிக் குடுத்துட்டாங்க?'

'ஆமா மாமா.'

'வழியில யாரும் நிறுத்தல?'

'இல்ல.'

ஒண்ணும் சொல்லல. அத்தை காபி கொண்டு வந்து வச்சாங்க, பாட்டிலைப் பாத்துட்டு என்னையும் ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போயிட்டாங்க. நான் சாரி சொல்ல வாயெடுத்தேன், அந்த வாய்ஸ் நோட்டுக்கு. அதுக்குள்ள மாமா கேட்டார், 'சரி, அந்தக் கப்பல்ல ஒரு பெக் எவ்வளவுடா?'

'எல்லாம் சேத்து ஆயிரம் ரூபா மாமா.'

'ஒரு பெக்கா?'

'ஒரு பெக்.'

மாமா விழுந்து விழுந்து சிரிச்சார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அப்படிச் சிரிச்சுப் பாக்குறேன். 'அப்ப நீங்க ஒளிச்சு வச்சதுல தப்பே இல்லடா மாப்ள!'

பாட்டில் இன்னும் பிரிக்கல, பீரோ மேல இருக்கு. அத்தை இருக்கிற வரைக்கும் பிரிக்க முடியாதுன்னு நினைக்கிறேன்.

எல்லையோர ஊர்க்காரங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, ஓசூர், தாளவாடி, காட்பாடி, புதுச்சேரி பக்கம் எதுவா இருந்தாலும், உங்க ஊர் செக்போஸ்ட் கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. பேர் சொல்ல மாட்டேன். அடுத்த எபிசோட் வழக்கம் போல வெள்ளிக்கிழமை.